சிறுநாடு மறுத்த போர்க்கப்பல்



வல்லரசோடு கூட்டுச் சேர்ந்த சிறுநாடு வாய்திறக்கலாகாது என்பார் பலர். அவர்கட்கு நாம் நியூசிலாந்தைக் காட்டுவோம். கம்பளியும் வெண்ணெயும் விற்று வளர்ந்த கமக்காரர் நாடு அது. 1951இல் அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகியவற்றோடு அன்சஸ் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டது. வியட்நாமிலும் அமெரிக்காவின் பக்கம் நின்று பொருதது.

1984இல் பிரதமரான டேவிட் லாங்கி, அணுவாயுதக் கப்பலுக்குத் துறைமுகம் திறவோம் என்றார். அமெரிக்காவோ தன் கப்பலில் அணுவாயுதம் உண்டென்றும் கூறாது, இல்லையென்றும் கூறாது. அத்தகைய வாயோடு வழக்காடுவது எங்ஙனம்? 1985இல் 'பியூக்கானன்' என்னும் போர்க்கப்பலுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. மறு ஆண்டு, நியூசிலாந்தைக் காக்கும் பொறுப்பை அமெரிக்கா நிறுத்திவைத்தது. கூட்டுப் பயிற்சிகள் நின்றன. இராணுவத் தகவல்கள் சுருங்கின. சிறிய விலையன்று அது. ஆயினும் வாணிபத்தடை வரவில்லை. ஒப்பந்தத்தையும் எவரும் கிழித்தெறியவில்லை. 1987இல் மறுப்பு சட்டமாயிற்று. 1990இல் ஆட்சியேறிய மாற்றுக் கட்சியும் அதை நீக்கத் துணியவில்லை.

2016இல் 'சாம்சன்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வந்தது. அச்சட்டத்தின்படி பிரதமர் அனுமதியளித்த பின்னரே வந்து, பூகம்பத்தால் துண்டிக்கப்பட்ட கைக்கோரா மக்களுக்கு உதவப் போயிற்று.