படம் பிடிப்போர்க்கு ஒரு துணைத்திரை



நவராத்திரி தொடங்குவதற்குச் சின்னாள் முன்னர், ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து ஓர் ஊர்வலம் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகின்றது. தேவாரக்கட்டுச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் களியக்காவிளையில் எல்லையைக் கடந்து, நெய்யாற்றின்கரை, கரமனை வழியாகத் தலைநகரை அடைகின்றனர். 1956 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும் இவ்வழக்கம் தொடர்ந்து நடைபெற்று வருகின்றது. சாலைக் கடைவீதியிலும் வலியசாலையிலும் கரமனையிலும் வாழும் தமிழர்க்கு இது தாய்மண்ணே தம்மைக் காண வருவது போன்றதாகும்.

இத்தகைய காட்சியைக் கேமராவில் பதிந்து, தொலைவிலுள்ள உறவினர்க்கு அனுப்ப விழைவோர் இன்று பலர். ஆனால் ஊர்வலம் நமக்காக நிற்பதில்லை. சென்றதை மீண்டும் வரச் சொல்லவும் இயலாது. படம் தெளிவாக விழுகின்றதா என்பதை அந்தக் கணத்திலேயே அறிந்தாக வேண்டும். அதற்கு உதவும் கருவியே, கேமராவின்மேல் தனியே பொருத்தப்படும் மானிட்டர். அதனைப் பற்றி இன்று சிறிது ஆராய்வோம்.

எடுத்த படத்தை உடனே காணும் வசதி தொன்றுதொட்டு இருந்ததன்று. மலையாளத்தின் முதல் ஊமைப்படமாகிய ‘விகதகுமாரன்’ திருவனந்தபுரத்தில் உருவாயிற்று. அது வெளிவந்த ஆண்டு 1928 என்பர் ஒரு சாரார், 1930 என்பர் மற்றொரு சாரார். அதனைத் தம் நிலத்தை விற்று எடுத்தவர், அகத்தீசுவரத்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல். அவர் காலத்தில் பிலிம் சுருளைக் கழுவிப் பார்க்கும் வரையில், விழுந்தது இன்னதென்று எவரும் அறியார். 1960 இல் அமெரிக்க நடிகர் ஜெர்ரி லூயிஸ், தாமே நடித்து இயக்கிய ஒரு படத்தில், சினிமா கேமராவோடு ஒரு வீடியோ கேமராவையும் இணைத்துத் தம் நடிப்பை உடனுக்குடன் பார்வையிட்டார். பின்னர்த் தொலைக்காட்சி நிலையங்களின் வண்டிகளில் மானிட்டர்கள் வரிசையாக அமர்ந்தன. குடப்பனக்குன்றில் உள்ள தூரதர்சன் போன்ற பெருநிலையங்களுக்கே உரியதாயிருந்த அவ்வசதி, இன்று உள்ளங்கையில் அடங்குகின்றது.

கேமராவின் முதுகில் உள்ள திரை பெரும்பாலும் மூன்று அங்குல அளவினது. வெயிலில் அதில் நம் முகமே நிழலாடும். தனி மானிட்டரோ ஐந்து அல்லது ஏழு அங்குலம் இருக்கும். வெளியிடங்களில் எடுப்போர் 1000 நிட் அல்லது அதற்கு மேற்பட்ட ஒளியுடைய திரையைத் தெரிந்துகொள்வது நன்று. அஃது இல்லையாயின், நாற்புறமும் மறைக்கும் கறுப்பு ஹூட் ஓரளவு கைகொடுக்கும்.

ஆயினும் பெரிதாகக் காட்டுவது மட்டுமே இதன் பயன் அன்று. ஃபோகஸ் பீக்கிங் என்னும் வசதி, கூர்மையாக உள்ள விளிம்புகளை வண்ணக்கோட்டால் காட்டும். சீப்ரா என்பது, வெளிச்சம் அளவுக்கு மிஞ்சிய இடங்களில் வரிகளை இட்டு எச்சரிக்கும். வெயிலில் பிடித்த வெண்குடையின் நெசவு ஒருமுறை வெளிறிவிடின், பின்னர் எத்துணை முயன்றும் அதனை மீட்க இயலாது. வேவ்பார்ம் என்பது ஒளியின் அளவைக் கீழிருந்து மேலாக வரைந்து காட்டும் அளவுகோல்.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். மானிட்டரும் பொய் சொல்லும். இரவில் அதன் ஒளியை மிகுதியாக வைத்திருந்தால், இருண்ட படமும் நல்ல படமாகத் தோன்றும். பகலில் குறைத்து வைத்திருந்தால், நல்ல படமும் இருண்டதாகத் தோன்றும். எனவே திரையின் அழகை நம்பாது அளவுகோலை நம்புதல் வேண்டும். லாக் என்னும் முறையில் பதிவோர்க்கு இவ்வெச்சரிக்கை இன்னும் பொருந்தும். அப்படம் இயல்பிலேயே வெளிறித் தோன்றும், எல்.யூ.டி. எனப்படும் வண்ணமாற்றம் அதனைக் கண்ணுக்கு இனிதாக்கிக் காட்டும். அம்மாற்றம் பார்வைக்கு மட்டுமே உரியது. கேமராவில் பதிவாவது பழைய வெளிறிய படமே.

இனி, நடைமுறை பற்றிச் சில சொல்வோம். கேமராவையும் மானிட்டரையும் ஹெச்.டி.எம்.ஐ. அல்லது எஸ்.டி.ஐ. கேபிள் இணைக்கின்றது. சிறிய ஹெச்.டி.எம்.ஐ. துளைகள் மெலிந்தவை, நெரிசலில் ஒருவர் முழங்கை பட்டாலும் பழுதாகிவிடும். ஆகவே கேபிளைக் கவ்வியால் இறுக்குக. மானிட்டருக்குத் தனிப் பேட்டரி வேண்டும். மாற்றுப் பேட்டரி ஒன்று பையில் இருக்கட்டும். எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு: சாதாரண மானிட்டர் படத்தைக் காட்டுமேயன்றிப் பதியாது. பதிவது கேமராவிலுள்ள கார்டே. திரையில் காட்சி ஓடுகின்றதே என்று மகிழ்ந்து, பதிவுக் குறியைப் பாராமல் விட்டோர் பலர்.

விழாக் கூட்டத்தில் மற்றொரு கடமையும் நமக்குண்டு. இரவில் மானிட்டரின் ஒளியைக் குறைத்து, பின்னால் நின்று தொழுவோரின் கண்களுக்கு இடையூறு நேராமல் காத்தல் வேண்டும்.

வெளிமாநிலங்களில் வாழும் நம் இல்லங்களில் பதிந்து வைக்கத்தக்கவை விழாக்கள் மட்டும் அல்ல. பாட்டியார் பாடும் தாலாட்டும், பெரியவர்கள் சொல்லும் ஊர்க்கதையும், நம் பிள்ளைகள் வேறெங்கும் கேட்க முடியாத வட்டாரச் சொற்களும் அவர்களோடு மறைந்துவிடக் கூடியவை. அவற்றைப் பதியும்போது மானிட்டரை அப்பெரியவர்களும் காணுமாறு ஒருமுறை திருப்பிக் காட்டுங்கள். எடுக்கப்படுவது யாது என்பதை அவர்களும் அறியட்டும். வேண்டாம் என்று கருதினால், அப்பொழுதே சொல்ல அவர்களுக்கு வாய்ப்பும் இருக்கும். அவர்கள் மனமுவந்து இசைந்த பின்னர்ப் பதிவதே முறையாகும்.