மினுக்குவது நட்சத்திரமா, காற்றா?
(கொரட்டூர்க் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நட்சத்திரம் மினுக்குகிறது என்கிறோம். மினுக்குவது நட்சத்திரமா? உச்சிவெயிலில் இரயில் தண்டவாளத்தின்மேல் பாருங்கள். அப்பால் நிற்கிற ஆள் நெளிவதாகத் தெரியும். அவனா நெளிகிறான்? சூடும் குளிர்ச்சியும் கலந்த காற்று, ஒளியை வளைக்கிறது. வானத்திலும் அதே சங்கதிதான்.

பெரிய டெலஸ்கோப்பு வைத்தால் தீராதா என்பீர்கள். தீராது. ஜவ்வாது மலைக் காவலூரில், நம் நாட்டிலேயே தேய்த்த 2.34 மீட்டர்க் கண்ணாடி 1986 முதல் இருக்கிறது. ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு விகலை. காற்றே இல்லையென்றால் அந்தக் கண்ணாடி, விகலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நுட்பத்தைக் காட்டவேண்டும். ஆனால் காற்று, புள்ளியாயிருக்கிற நட்சத்திரத்தையே ஒன்றிரண்டு விகலை அகலத்துக்குப் பரப்பிவிடுகிறது. 10 சென்டிமீட்டர்க் கண்ணாடி காட்டுகிற நுட்பத்துக்கு மேல் அதிகமில்லை! வெளிச்சம் ஏராளமாய்ச் சேரும். மங்கலான நட்சத்திரமும் அகப்படும். நுட்பம் மட்டும் சேராது.

1990-இல் பூமிக்கு மேலே அனுப்பிய ஹப்பிளின் கண்ணாடி 2.4 மீட்டர், ஏறக்குறைய காவலூர் அளவே. அதைத் தேய்த்ததில் நேர்ந்த பிழையை 1993-இல் சரிசெய்தார்கள். பிறகு அது எதிர்பார்த்த நுட்பத்தைக் கொடுத்தது. காரணம் என்ன? மந்திரமா? அங்கே காற்று குறுக்கே நிற்கவில்லை, அவ்வளவுதான்.

தரையிலிருப்பவர்கள் கைகட்டி நின்றார்களா? இல்லை. காற்று ஒளியை எப்படிக் குலைக்கிறதோ அதற்கு எதிராகக் கண்ணாடியையே நெளியவைக்கலாம் என்று பாப்காக் என்னும் அமெரிக்கர் 1953-இல் யோசனை சொன்னார். இன்று ஹவாயிலும் சிலியிலும் பெரிய டெலஸ்கோப்புகளில் மெல்லிய கண்ணாடி வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நெளிந்து கொடுக்கிறது. காற்றை அளக்க ஒரு பிரகாசமான நட்சத்திரம் வேண்டும். இல்லாவிட்டால் லேசர் ஒளியைப் பாய்ச்சி, சுமார் 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள சோடியத்தை ஒளிரவைத்துப் பொய் நட்சத்திரம் ஒன்று உண்டாக்குகிறார்கள்.

இவ்வளவு செய்தும் முழு வானமும் திருந்துமா? திருந்தாது. வழிகாட்டும் நட்சத்திரத்தை ஒட்டிய சிறு துண்டு மட்டுமே நன்றாகத் திருந்தும். தள்ளியிருக்கிற நட்சத்திரத்தின் ஒளி வேறு காற்று வழியாய் வருகிறது. ஒருவனுக்கு அளந்து தைத்த சட்டை பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சேருமா?

தோழர்களே! இதையெல்லாம் கண்டுபிடித்தவர்கள், "எங்கள் அளவில் இவ்வளவு பிழை இருக்கும்" என்று கணக்குப் போட்டுச் சொல்லுகிறார்கள். அதே நட்சத்திரங்களின் பேரால் உங்கள் பெண்ணின் கலியாணத்தைத் தடுக்கிற ஜோசியனையும், "ஐயா, உம் கணக்கில் பிழை எவ்வளவு?" என்று ஒருதரம் கேளுங்கள். பதில் வந்தபிறகு தட்சிணையைப் பற்றி யோசிக்கலாம்.