ஆயிரம் படிகளும் நாமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சாமுண்டி மலையைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். சாளரத்தைத் திறந்தால் தெரியும் மலையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று முதலில் தயங்கினோம். ஆனால், நாள்தோறும் காணும் பொருளையே நாம் நன்கு அறியாதிருக்கிறோம் என்பது சிந்தித்தபின் விளங்கிற்று.

மலையைத் தெய்வமாகப் போற்றுவது நமக்குப் புதிதன்று. சுவாமிமலையில் அறுபது ஆண்டுகளின் பெயரால் 60 படிகள் ஏறி முருகனை வணங்குகிறோம். திருவண்ணாமலையில் மலையையே இறைவனாக எண்ணி வலம் வருகிறோம். தொலைவிலுள்ள சீன நாட்டிலும் தாவோ நெறியினர் போற்றும் தாய்சான் மலையில், உச்சியிலுள்ள கோயில்களைக் காண மக்கள் ஏறத்தாழ 7,000 கற்படிகளைக் கடக்கின்றனர். தெய்வத்தைக் காணச் செல்வோர் சிறிதேனும் கால் நோக நடக்க வேண்டும் என்னும் எண்ணம் எல்லா நாட்டார்க்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

நம் மலைக்கும் அத்தகைய வழி உண்டு. கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 3,480 அடி உயரமுள்ள இம்மலைக்கு, 1659 முதல் 1673 வரை ஆண்ட தொட்ட தேவராச உடையார் ஆயிரம் படிகளை அமைத்தார். பாதி வழிக்கு மேல் ஏறியதும் ஒரே கல்லில் வடித்த நந்தி நம்மை எதிர்கொள்ளுகிறது. ஏறக்குறைய 16 அடி உயரமும் 25 அடி நீளமும் உள்ள அந்நந்தியும் அவ்வரசர் காலத்ததே. உச்சியில் அன்னையின் திருக்கோயில் இருக்கிறது. அதன் ஏழுநிலைக் கோபுரம் மூன்றாம் கிருஷ்ணராச உடையார் 1827-ஆம் ஆண்டில் எழுப்பியது.

இவையெல்லாம் யாவரும் காண்பன. யாவரும் காணாத கோயில் ஒன்று அருகிலேயே அமைதியாக இருக்கிறது. அதுவே மகாபலேசுவரர் கோயில். மலையிலுள்ள கோயில்களுள் மிகப் பழையது இதுவே. 1128-ஆம் ஆண்டில் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் இதற்குக் கொடை வழங்கினான். மலைக்கே அந்நாளில் மகாபலாத்திரி என்று பெயர். சோழர் தலைக்காட்டை வென்று இராசராசபுரம் என்று பெயரிட்டதையும், இவ்விஷ்ணுவர்த்தனன் அதை மீட்டதையும் வரலாற்றில் படித்திருப்பீர்கள். நம் முன்னோரும் இம்மண்ணின் முன்னோரும் வாளோடு சந்தித்த காலமும் உண்டு.

பாட்டோடு சந்தித்த காலமும் உண்டு. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், நால்வடி கிருஷ்ணராச உடையாரின் அரசவையில் வித்துவானாக வீற்றிருந்தார். சாமுண்டியின் 108 திருநாமங்களுக்கும் ஒவ்வொன்றாக 108 கீர்த்தனைகளை இயற்றினார். அவற்றைக் கன்னடத்தில் இயற்றினார் என்பதே நாம் கருதவேண்டியது. அவர் தமிழை மறந்தவரல்லர். தமிழிலும் நிறையப் பாடியவர். ஆயினும், அன்னையை அவள் மக்கள் அழைக்கும் மொழியிலேயே அழைத்தார். 1945-ஆம் ஆண்டில் இந்த மைசூரிலேயே மறைந்தார்.

அன்பர்களே! நம் வாழ்வில் நேர்ந்த ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1991-ஆம் ஆண்டு டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையையொட்டி எழுந்த கலவரத்தில் இம்மாநிலத்துத் தமிழர் பலர் வீடும் உடைமையும் இழந்தனர். நாமும் விளக்கை அணைத்துவிட்டு இருளில் அமர்ந்திருந்தோம். அப்போது எதிர்வீட்டுக் கன்னட அம்மையார் கொல்லைப்புறமாக வந்து, நம் பிள்ளைகளைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று நான்கு நாள் வைத்துக் காத்தார். அமைதி திரும்பியபின், "பிள்ளைகளுக்கு ஒன்றும் நேரக்கூடாது என்று தாயியிடம் வேண்டிக்கொண்டேன்; படிபூசை செய்ய வேண்டும்" என்றார். நம் இல்லத்து அம்மையாரும் உடன் சென்றார். ஒருவர் மஞ்சள் தீட்ட, மற்றவர் குங்குமம் வைக்க, ஆயிரம் படியையும் இருவரும் ஏறி முடித்தனர். அன்று மாலை முழங்கால் வீங்கி வந்து அமர்ந்த இருவரையும் கண்டபோது, நாம் இவ்வூரில் வேற்றார் என்னும் எண்ணம் நம் நெஞ்சைவிட்டு அகன்றது.

இன்று நம் பிள்ளைகள் மலைக்குக் காரில் செல்கின்றனர். தரிசனம் முடிந்ததும் திரும்பிவிடுகின்றனர். வண்டியில் செல்வது குற்றமன்று. முதியோர்க்கு அது வேண்டியதே. ஆனால் 2021-ஆம் ஆண்டு மழையில் நந்தி சாலையின் ஒரு பகுதி சரிந்ததை நினைவிற் கொள்ளுங்கள். மலைக்கும் ஒரு தாங்கும் எல்லை உண்டு. நடக்க வல்லவர் நடந்தால் மலைக்கும் நன்று, நமக்கும் நன்று. படியில் நடப்பவனுக்கே பக்கத்தில் நடப்பவரோடு பேசும் வாய்ப்புக் கிட்டும்.

ஆகவே, சங்கத்தாருக்கு இரண்டு விண்ணப்பங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம் குடும்பங்கள் ஒன்றுகூடிப் படிவழியே மலையேற வேண்டும். அண்டை வீட்டாரையும் அழைத்துச் செல்ல வேண்டும். பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் அதே அக்கறையுடன், கன்னடமும் பிழையறப் பேசவும் எழுதவும் அவர்களைப் பழக்க வேண்டும். தாய்மொழியைக் காப்பது நம் கடமை. வாழும் ஊரின் மொழியை மதிப்பது நன்றி.

உச்சியை அடைந்ததும் அன்னையை வணங்குங்கள். பின்னர், கூட்டமில்லாத மகாபலேசுவரர் சந்நிதியிலும் சற்றே நின்றுவிட்டு வாருங்கள்.