முதியோரும் குளியலறையும்



வீடு கட்டுகிறவர்கள் கூடத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். சமையலறையைப் பற்றியும் யோசிக்கிறார்கள். குளியலறைக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு மூலைதான். முதுமையில் அந்த மூலையிலேதான் ஆபத்து காத்திருக்கிறது. உலகத்தில் தவறி விழுந்து ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் மாண்டுபோவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி. ஈரத் தரையும், மங்கிய வெளிச்சமும், பிடிமானம் இல்லாத சுவரும் ஒன்றுகூடும் இடம் குளியலறையே அல்லவா?

இந்த விஷயத்தை மலைத்தோட்ட வாழ்க்கையை முன்னிட்டுச் சொல்ல விரும்புகிறேன். இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கும் போடிமெட்டுக்கும் இடைப்பட்ட மலைப்பகுதியில் அமைந்தது சின்னக்கானல். தேயிலையும் ஏலமும் விளையும் பூமி அது. தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. கொழுந்துச் சுமையோடு முப்பது, நாற்பது ஆண்டுகள் சரிவுகளில் ஏறி இறங்கிய கால்கள் முதுமையில் மூட்டு வலியால் மடங்க மறுக்கின்றன. குந்தி உட்காருவதும், உட்கார்ந்தபின் எழுவதும் பெரும் பிரயாசை ஆகிவிடுகின்றன.

தொழிலாளருக்குக் குடியிருப்பும் கழிப்பிடமும் அமைத்துத் தருவது முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயினும், பழைய லயங்களின் கழிவறைகள் உழைக்கும் வயதினரை மனத்தில் கொண்டு எழுந்தவை. பல இடங்களில் அவை வீட்டுக்கு வெளியே, சில படிகள் தள்ளி இருக்கின்றன. சின்னக்கானலில் இரவு நேரத்தில் யானை பயமும் உண்டு. அரிசிக்காக வீடுகளையும் கடைகளையும் உடைத்துப் பெயர்பெற்ற அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுபோன பின்னரும், அப்பகுதியில் யானை நடமாட்டம் நின்றுவிடவில்லை.

இதனால் விளையும் தீங்கு ஒன்று நம் கண்ணில் எளிதில் படுவதில்லை. இரவில் வெளியே போக அஞ்சும் மூதாட்டி, மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். மலச்சிக்கலும், சிறுநீர்த் தொற்றும், உடல் வறட்சியும் பின்தொடர்கின்றன. உடல் வறண்டால் தலை சுற்றும். தலை சுற்றினால் விழுவது எளிது. ஆகவே இரவுக்கென்று படுக்கையருகே மூடியிட்ட கழிகலம் பொருத்திய நாற்காலி ஒன்றை வைப்பது கூச்சப்பட வேண்டிய காரியம் அன்று. அது உயிர் காக்கும் ஏற்பாடு.

இனி, குளியலறையைச் சீர்திருத்தும் முறையைப் பார்ப்போம். முதலில் பணம் அதிகம் கேளாத வேலைகள். வாரம் ஒருமுறை ப்ளீச்சிங் பவுடர் இட்டுப் பாசியைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். மலையில் மழைக்காலம் நீண்டது; பாசி விரைவில் படரும். விளக்கின் பொத்தான் அறைக்கு வெளியே, கைக்கெட்டும் உயரத்தில் இருக்கட்டும். வாசற்படியின் விளிம்பில் வெள்ளைக் கோடு தீட்டினால் மங்கிய கண்ணுக்கும் அது தெரியும். தரையைப் புதுப்பிக்க நேர்ந்தால் வழவழப்பான ஓடுகளை நாடாமல், சொரசொரப்பான சிமெண்டுத் தரை இடுவதே நலம். நீர் தேங்காதபடி வடிகாலை நோக்கிச் சிறு சரிவு வேண்டும்.

அடுத்தது கைப்பிடி. துண்டு தொங்கவிடும் கம்பி கைப்பிடி ஆகாது. விழப்போகிறவரின் முழுப் பாரத்தையும் தாங்குவதே கைப்பிடி. ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலக் கனமுள்ள இரும்புக் குழாய் இதற்கு ஏற்றது. சுவருக்கும் குழாய்க்கும் இடையே ஒன்றரை அங்குல இடைவெளி இருந்தால் விரல்கள் நன்கு வளைந்து பற்றும். நின்று பிடிப்பதற்குத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம் பொருந்தும். பழைய லயங்களின் சுவர் திருகாணியைத் தாங்காமல் உதிரக்கூடும். அங்கே சுவரை நம்பாமல், தரையில் குழி தோண்டிக் கான்கிரீட் இட்டுத் தூண்போல் குழாயை நட்டுவிடலாம். பக்கவாதம் கண்டவர்க்குக் கைப்பிடி அவருடைய பலமுள்ள கையின் பக்கம் அமைய வேண்டும்.

மூன்றாவது இருக்கை. குந்தும் கழிவறையை இடித்துக் கட்ட வசதியில்லாதோர், நடுவில் துளையுள்ள கமோடு முக்காலியை அதன்மேல் நிறுத்திக்கொள்ளலாம். கால்களில் ரப்பர் மூடி அவசியம். உயரம் ஏறக்குறைய 18 அங்குலம். ஆனால் அமர்ந்தவரின் பாதம் தரையில் முழுமையாகப் பதிகிறதா என்பதே சரியான அளவுகோல். குளிப்பதற்கும் ஆடாத முக்காலி ஒன்று வேண்டும். குனியாமல் மொள்ளும்படி வாளியைச் சிறு மேடைமேல் வையுங்கள். குளிர் மிகுந்த ஊரில் வெந்நீர் தவிர்க்க இயலாதது. முதலில் தண்ணீரையும், பிறகு வெந்நீரையும் வாளியில் ஊற்றி, வீட்டில் திடமுள்ள ஒருவர் முன்கூட்டியே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும்.

கதவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்ளே விழுந்தவர் கதவின்மேல் சாய்ந்து கிடந்தால், உட்புறம் திறக்கும் கதவை எப்படித் தள்ளுவது? கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும்; தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நீக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தமானது. பணி ஓய்வுக்குப்பின் விட்டுப் போக வேண்டியதாகவும் இருக்கலாம். ஆகையால் குழாய் நடுவதற்கும் கதவை மாற்றுவதற்கும் மேலாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். முக்காலியும், கழிகல நாற்காலியும், ஊன்றுகோலும் உங்களுடன் எங்கும் வரக்கூடிய உடைமைகள். கையில் உள்ள பணத்தை முதலில் அவற்றில் செலவிடுவது விவேகம். கேரளத்தில் 2008-ஆம் ஆண்டிலேயே வலிதணிப்புச் சிகிச்சைக் கொள்கை வகுக்கப்பட்டது. உள்ளாட்சிகளின் துணையோடு செவிலியர் வீடுதேடி வரும் வழக்கம் அங்கே உண்டு. நடமாட இயலாதவர் வீட்டில் இருந்தால், வரும் செவிலியரிடம் குளியலறையையும் காட்டி யோசனை கேளுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று. எந்த வேலையையும் தொடங்குமுன் அதை உபயோகிக்கப்போகும் பெரியவரைக் கேளுங்கள். அவரை உட்கார வைத்து, எழச் செய்து, கை தானாக எங்கே நீளுகிறதென்று கவனித்து அங்கே அடையாளமிடுங்கள். பிறர் துணையின்றித் தானே குளித்து வருவதை முதியோர் கௌரவமாகக் கருதுகிறார்கள். மகனிடமோ மருமகளிடமோ வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். நாமே கேட்க வேண்டும். எலும்பு முறிந்தபின் பொருத்தும் கைப்பிடியைவிட, முறியுமுன் பொருத்தும் கைப்பிடிக்கே பயன் அதிகம். வெளியூரில் இருக்கும் நீங்கள் அடுத்த முறை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, பெற்றோருக்குப் புடவை வேட்டியோடு இதையும் செய்து கொடுத்துவிட்டு வாருங்கள்.