வழியைத் தேய்ச்சுக் கொடுக்க ஆள் வேணும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் முன்னாடி நின்னு பழக்கம் இல்ல. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. இன்னைக்கு நான் சேமிப்பு, உள்கடன் பத்திப் பேசப் போறதில்ல. கேரம் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க, கடைசியில ஒரு கோரிக்கையும் வெச்சிருக்கேன்.

சென்னை புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ல காசிமான்னு ஒரு பொண்ணு. அப்பா ஆட்டோ ஓட்டுறவர். 2024 நவம்பர்ல அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஆறாவது கேரம் உலகக் கோப்பை நடந்தது. அப்போ அந்தப் பொண்ணுக்கு வயசு 17. பெண்கள் ஒற்றையர், இரட்டையர், குழுப் போட்டி, மூணுலயும் தங்கப் பதக்கம். நம்ம அரசாங்கம் 1 கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. அடுத்த வருஷம் மாலத்தீவுல நடந்த உலகக் கோப்பையில காசிமேடு கீர்த்தனா மூணு தங்கம் வாங்கினாங்க. இவங்களுக்கு முன்னாடியே 2008-ல வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன். கேரம் ஆடி முதல்ல அர்ஜுனா விருது வாங்கின மரிய இருதயமும் நம்ம தமிழ்நாட்டுக்காரர்தான்.

நான் சொன்ன மூணு பொண்ணுங்களும் வட சென்னை. எல்லாம் உழைச்சுச் சாப்பிடுற சனங்க இருக்கிற இடம். அங்க மட்டும் எப்படி? தெருவுக்குத் தெரு கேரம் மன்றம் இருக்கு. ராத்திரி விளக்கு வெளிச்சத்துல பலகையைப் போட்டு ஆடுவாங்க. அந்தப் பலகைக்கு முன்னாடி பொம்பளப் பிள்ளையும் உட்காரலாம்னு யாரோ விட்டாங்க. அதுதான் விஷயம்.

இன்னொரு விளையாட்டை என் மக செல்போன்ல காட்டினா. கர்லிங்னு பேரு. உறைஞ்ச பனிக்கட்டித் தரையில 20 கிலோ கிட்ட இருக்கிற கருங்கல்லைத் தள்ளி விடுறாங்க. கொஞ்சம் நம்ம கேரம் மாதிரி குறி பார்க்கிற ஆட்டம்தான், ஆனா இதுல கல்லைக் கொண்டுபோய் வட்டத்துக்குள்ள நிறுத்தணும், எதிராளி கல்லை அடிச்சுத் தள்ளணும். ஒரு அணியில நாலு பேர். ஒருத்தி கல்லை விட்டதும் ரெண்டு பேர் துடைப்பத்தை எடுத்துக்கிட்டு கல்லுக்கு முன்னாடி ஓடி ஓடிப் பனியைத் தேய்க்கிறாங்க. தேய்ச்சா சூடு ஏறி வழி வழுக்கும், கல்லு இன்னும் தூரம் போகும், நேராவும் போகும். சீனாவில் ஹார்பின் ஊர்ப் பொண்ணுங்க, வாங் பிங்யூ தலைமையில 2009-ல உலக சாம்பியன் ஆனாங்க. மறு வருஷம் வான்கூவர் ஒலிம்பிக்ல வெண்கலம். அதுக்கு முன்னாடி சீனாவுக்கு இந்த விளையாட்டுல ஒலிம்பிக் பதக்கமே கிடையாது.

துடைப்பத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் மனசு கஷ்டமாப் போச்சு. ஏன்னு சொல்றேன்.

என் மக ஒன்பதாவது படிக்கிறா. கேரம் நல்லா ஆடுவா. போன வருஷம் கடலூர்ல ஒரு போட்டிக்கு வரச் சொன்னாங்க. நான் அனுப்பல. விருத்தாசலத்துலேருந்து கடலூர் போய்வர பஸ் செலவு, சாப்பாடு, இருட்டறதுக்குள்ள யார் கூட்டிட்டு வர்றது? "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு"ன்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அவ அழல. பலகையில போரிக் பவுடரைத் தூவிட்டு, வலது கையால ஒரு ஆட்டம், இடது கையால எதிர் ஆட்டம்னு தனியா ஆடிட்டு இருந்தா. அதைப் பார்த்த அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல.

கல்லை விடறதுக்கு என் மக தயாராத்தான் இருந்தா. முன்னாடி ஓடித் தேய்க்க ஆள் இல்ல. நானே துடைப்பத்தை ஒளிச்சு வெச்சுட்டேன்.

எல்லாப் பிள்ளையும் காசிமா ஆகிடாது, 1 கோடி வராது. எனக்கும் தெரியும். கேரம் ஒலிம்பிக்லயும் கிடையாது. நம்ம ஊர் பீங்கான் பட்டறையில பொம்மை செய்யற அக்காங்களைக் கேளுங்க. அச்சுல ஊத்தினது எல்லாம் சூளையிலேருந்து முழுசா வராது. விரிசல் விட்டதும் இருக்கும். அதுக்காக அச்சுலயே ஊத்தாம இருந்தா அகல்விளக்கு ஏது, பொம்மை ஏது?

இப்ப முதலமைச்சர் கோப்பைப் போட்டியில கேரமும் இருக்கு. அதனால என் கோரிக்கை ரெண்டு. ஒண்ணு, ஒவ்வொரு ஊர்லயும் கூட்டம் நடத்துற கட்டடத்துல ஒரு நல்ல கேரம் பலகை வாங்கி வைக்கணும். சாயந்திரம் பொம்பளப் பிள்ளைகள் வந்து ஆடணும், குழுவிலேருந்து முறை வெச்சு ஒருத்தர் கூட உட்காரணும். ரெண்டாவது, போட்டிக்குப் போற பிள்ளைக்கும் துணைக்குப் போற அம்மாவுக்கும் பஸ் செலவு தர ஒரு சின்ன நிதி வேணும். மாசம் ஒரு உறுப்பினர் 5 ரூபாய் போட்டா போதும். இதை அடுத்த கூட்டத்துல தீர்மானமா எழுதணும்.

எங்க குழுவுல 12 பேர். நேத்தே 60 ரூபாய் சேர்ந்திடுச்சு, இதோ தலைவி அக்கா கையில கொடுக்கிறேன். இந்த வருஷம் என் மகளை நானே கடலூருக்குக் கூட்டிட்டுப் போவேன். முதல் ரவுண்டுலயே தோத்து வந்தாலும் சரி.