பதினாறு அணாவில் எத்தனை அணா வலி?



ஆரணியில் ஒருவர் இடுப்பு வலிக்கிறது என்று சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு ஐம்பது வருஷம் குனிந்து நெய்த உடம்பு வலிக்காமல் என்ன செய்யும்? எங்கள் பெரியப்பாவும் அப்படித்தான் சொன்னார், நானும் நம்பினேன். இத்தனைக்கும் வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ் நான். ஒரு வருஷம் அவருக்குத் தைலம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "ராத்திரி நாலு தடவை எழுந்து போறாரு, போனா சொட்டுச் சொட்டா நிக்கிறாரு" என்று பெரியம்மா சொன்னதை வயசுக் கோளாறு என்று தள்ளிவிட்டேன். ஒரு நாள் சிறுநீர் அடியோடு அடைத்து, அடிவயிறு கல்லாக இறுகி, ஆஸ்பத்திரியில் டியூப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம். புராஸ்டேட் சுரப்பியில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவியிருந்தது.

தறி வலி பெரும்பாலும் படுத்தால் தணியும். எலும்பில் ஏறிய புற்றின் வலி படுத்தாலும் விடாது, ராத்திரியில்தான் அதிகம் குடையும். நெசவுக்காரர்கள் வீட்டில் இருப்பவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தையாவது மனசில் வையுங்கள்.

இந்த நோயைப் பற்றிப் பேச நம் ஆண்களுக்குக் கூச்சம். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு இதே நோய் எலும்பு வரை பரவியிருக்கிறது என்று 2025 மே மாதம் அவருடைய அலுவலகமே உலகத்துக்கு அறிவித்தது. நம் தெருவில் மூத்த மகனுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள்.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நேரம் குறைவு. விரையில் சுரக்கும் ஆண் ஹார்மோன்தான் இந்தப் புற்றுக்குத் தீனி. அதை நிறுத்தினால் புற்று அடங்கும் என்று சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் 1941இல் காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசும் வாங்கினார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ ஊசி போடலாம், இல்லாவிட்டால் ஒரே ஆபரேஷனில் விரையை எடுத்துவிடலாம். முள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு வீட்டில் இதைப் பற்றிப் பிள்ளைகள் தாழ்ந்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஆயா வந்தார். "ஊசிக்கு மாசா மாசம் எவன் கடன் வாங்குவான்? உசிரு இருந்தா போதும், எடுத்துடச் சொல்லு" என்றார். தாத்தா தலையாட்டினார், பேச்சு அதோடு முடிந்தது. எதைத் தேர்ந்தாலும் உடம்பு திடீர் திடீரென்று அனலாகக் கொதிக்கும், வேர்த்துக் கொட்டும், எலும்பு மெலியும், அழாத மனுஷன் அழுவார். வீட்டார் பயப்பட வேண்டாம்.

எலும்பு மெலியும் என்றேன் அல்லவா? அதனால்தான் பெரியப்பா வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது தறிக்குழியை. முன்கூடத்திலேயே முழங்காலுக்கு மேல் ஆழம். கட்டில் அதிலிருந்து பத்தடி. ராத்திரி நாலு தடவை எழுந்து போகிற, இடுப்பெலும்பில் நோய் உள்ள மனுஷர் இருட்டில் அதில் கால் வைத்தால் தொடையெலும்பு முறியும், அப்புறம் எழ முடியாது. "குழியைப் பலகை போட்டு மூடுங்க" என்றேன். பெரியப்பா என்னை நிமிர்ந்து பார்த்து, "எனக்கு முன்னாடி அதுக்குப் பாடை கட்டறியா?" என்றார்.

நேயர்களே, நர்சிங் பள்ளியில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. அந்தக் குழியில்தான் அவர் அப்பா நெய்தார். மூன்று பெண்களுக்குப் பெரியப்பா கல்யாணம் செய்துவைத்ததும் அந்தக் குழியில் உட்கார்ந்துதான். கடைசியில் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். ராத்திரி எட்டு மணிக்குப் பலகை, விடிந்ததும் அதை எடுத்துவிடுவது. பாவு நூலை இழுத்துக் கட்டுகிற கயிற்றையே கட்டில் காலிலிருந்து கழிவறை வரை சுவரோரமாக இடுப்புயரத்துக்குக் கட்டினார். பெரியப்பா அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் மறுபடி குழியில் இறங்கவில்லை. ஆனால் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து தறிக்கான நூலைத் தார் சுற்றிக் கொடுத்தார். அண்ணன் நெய்யும்போது, "கரை இழுக்குதுடா" என்று அங்கிருந்தே அதட்டுவார். அவர் காது தப்பாது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் உட்கார்ந்தபடி செய்ய ஏதாவது ஒரு வேலையை விட்டுவையுங்கள்.

இனி வலி. இதைப் பேசத்தான் வந்தேன், முன்கதை நீண்டுவிட்டது. வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொல்வது எங்கள் முறை. பெரியப்பா, "பரவால்ல" என்பார், வேறு எண்ணே கிடையாது. ஒரு நாள், அவர் பழகிய பழைய ரூபாய்க் கணக்கில், "பதினாறு அணாவுல எத்தனை அணா வலி பெரியப்பா?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "பன்னண்டணா." அன்றிலிருந்து தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் பெரியம்மா மூன்று வேளையும் அணாக் கணக்கு எழுதினார். டாக்டரிடம் அந்தத் தாள்களைத்தான் கொண்டுபோனோம். ஸ்கேனைவிட அதை அவர் அதிக நேரம் பார்த்தார்.

டாக்டர் மார்ஃபின் எழுதினார். வீட்டில் ஒரே கலவரம். போதை மருந்தாச்சே, பழகிவிடுமே, இதைக் கொடுத்தால் கடைசி என்று அர்த்தமாச்சே! மூன்று பயமும் தப்பு. வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கும் மார்ஃபினால் போதைக்கு அடிமையாவது மிக அபூர்வம். முதல் சில நாள் தூக்கம் வரும், குமட்டும், பிறகு சரியாகும். மலச்சிக்கல் மட்டும் விடாது, அதனால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, மணிக் கணக்குத் தவறாமல் கொடுப்பது. நீங்களாக நிறுத்தவும் கூடாது. போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்தி, ஆஸ்பத்திரிகள் இதை வாங்கி வைப்பதை அரசு எளிதாக்கியது. ஆகவே கேட்டுப் பெறுங்கள். மெடிக்கல் ஷாப்பில் சும்மா கேட்டு வாங்கும் வலி மாத்திரை வேண்டாம், சிறுநீர் அடைத்துக் களைத்த சிறுநீரகம் அதைத் தாங்காது. ஓரிடத்தில் மட்டும் குடையும் எலும்பு வலிக்குப் பல சமயம் ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு போதும். வேலூர் சி.எம்.சி.யிலோ, காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனையிலோ கேளுங்கள்.

பத்தாவது நாள் பெரியம்மா எழுதிய தாளில் மூன்று வேளையும் நாலணா. பெரியப்பா ராத்திரி முழுக்கத் தூங்கினார். பெரியம்மாவும் தூங்கினார், அதை யாரும் எழுதவில்லை. பார்த்துக்கொள்பவருக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். மருமகள் ஒருத்தி தலையிலேயே எல்லாவற்றையும் கட்டாதீர்கள்.

நேரம் முடியப்போகிறது. டியூப் போட்டிருந்தால் சிறுநீர் சேரும் டியூப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும். படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புக்கும் இயன்முறைக்கும் வீட்டுக்கே வருகிறார்கள், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைக் கட்டாயம் கேளுங்கள். நேற்று வரை நடந்தவருக்குத் திடீரென்று கால் தொய்கிறது, மரத்துப்போகிறது, சிறுநீரோ மலமோ தெரியாமல் போகிறது என்றால் முதுகுத் தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மணி எத்தனையானாலும் 108ஐ அழையுங்கள்.