இல்லத்துப் பேரேடு



பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் நம்மவர் இல்லங்களில் மாதந்தோறும் ஒரு கடமை தவறாமல் நடைபெறுகிறது. சம்பளம் வந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் ஊருக்குப் பணம் அனுப்புகிறோம். முன்னாளில் அஞ்சலகத்து வரிசையில் நின்று மணியார்டர் படிவம் நிரப்பினோம். 2016ஆம் ஆண்டில் யு.பி.ஐ. முறை வந்தபின், அடுப்படியில் நின்றபடியே கைப்பேசியைத் தொட்டு அனுப்பிவிடுகிறோம். பணம் போவது எளிதாயிற்று. எதற்காகப் போயிற்று என்பதை நினைவில் வைப்பது எளிதாகவில்லை. மணியார்டர் படிவத்தின் அடியில் நாலு வரி எழுத இடம் இருந்தது. "அம்மாவின் மருந்துக்கு", "வாய்க்கால் வேலைக்கு" என்று அதில் எழுதினோம். அந்த நாலு வரியே ஒரு கணக்கு அன்றோ? இன்று வங்கி தரும் பட்டியலில் தேதியும் தொகையும் பெயரும் உண்டு; காரணம் இல்லை.

காரணத்தையும் எழுதி வைக்கும் ஒரு முறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். அதன் பெயர் எளிய உரைக் கணக்கு.

நாங்களும் சில ஆண்டுகள் கைப்பேசியில் ஒரு செயலியை வைத்து வீட்டுக் கணக்கு எழுதினோம். வண்ண வண்ண வட்டங்களாகச் செலவைக் காட்டிற்று. ஒரு நாள் அச்செயலியை நடத்தியவர்கள் கடையைக் கட்டினார்கள். எங்கள் மூன்றாண்டுக் கணக்கு அதற்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டது. ஊரில் எங்கள் தகப்பனார் நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய நோட்டுப் புத்தகத்தை இன்றும் பரணிலிருந்து எடுத்துப் படிக்கலாம். நாங்கள் சென்ற ஆண்டு எழுதியதைப் படிக்க இயலவில்லை! அதன் பிறகே, எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பில் கணக்கு எழுதும் வழியை நாடினோம்.

2003ஆம் ஆண்டில் ஜான் வீக்லி என்பவர் "லெட்ஜர்" என்னும் நிரலை வெளியிட்டார். லெட்ஜர் என்றால் பேரேடு. அதன் வழியில் சைமன் மைக்கேல் 2007இல் "எச்லெட்ஜர்" என்பதைத் தொடங்கினார். மார்ட்டின் பிளே என்பவர் ஆக்கிய "பீன்கவுண்ட்" என்பதும் உண்டு. மூன்றும் விலையின்றிக் கிடைப்பவை. இவற்றில் நாம் எழுதும் கோப்பு நம்முடைய கணினியிலேயே இருக்கிறது. நிரல் அதைப் படித்துக் கூட்டிக் காட்டுகிறது, அவ்வளவே. நாளை அந்த நிரலே மறைந்தாலும் கோப்பு மறையாது.

இதன் அடிப்படை புதிதன்று. வெனிஸ் நகரத்து வணிகர் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை லூக்கா பாச்சோலி என்னும் துறவி 1494இல் அச்சு நூலில் விளக்கினார். நம் நாட்டு வணிகரும் குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று ஒழுங்குடன் கணக்கு வைத்தவர்களே. பணம் ஓரிடத்திலிருந்து புறப்பட்டால் மற்றோரிடத்தில் சேர வேண்டும். இரண்டையும் எழுது என்பதே இரட்டைப் பதிவு. பற்று எது, வரவு எது என்ற குழப்பத்தில் நம்மில் பலர் கணக்கையே கைவிட்டோம். இந்த நிரல்களில் அக்குழப்பம் இல்லை. சேர்ந்த இடத்துக்குக் கூட்டல். புறப்பட்ட இடத்துக்குக் கழித்தல். இரண்டையும் சேர்த்தால் பூஜ்யம் வர வேண்டும். ஒரு பதிவைப் பாருங்கள்:

2022-06-05 ஊருக்கு அனுப்பியது
    செலவு:அம்மா      ₹8,000
    சொத்து:வங்கி    -₹8,000

கணக்கின் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். சொத்து, கடன், வரவு, செலவு என்பவை எந்தெந்த வகையைச் சேர்ந்தவை என்று எச்லெட்ஜருக்குத் தொடக்கத்தில் ஒருமுறை அறிவித்துவிட்டால் போதும். இலட்ச முறையில் நாம் இடும் காற்புள்ளியையும் அது ஏற்றுக்கொள்ளும்.

"அலுவலகத்திலிருந்து களைத்து வந்தபின் ஒவ்வொரு செலவையும் எழுத யாருக்குப் பொறுமை?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் வழி உண்டு. வங்கியின் மாதப் பட்டியலை சி.எஸ்.வி. என்னும் வடிவில் இறக்கிக்கொள்கிறோம். விதிகள் அடங்கிய ஒரு சிறு கோப்பை எழுதி வைக்கிறோம். மின்வாரியத்தின் பெயர் வந்தால் மின்சாரச் செலவு. பள்ளியின் பெயர் வந்தால் கல்விச் செலவு. இவ்வாறு விதிகள் செல்லும். பிறகு ஒரு கட்டளை இட்டால் மாதப் பதிவுகள் முழுவதையும் நிரலே எழுதிவிடும். சென்ற முறை எந்தத் தேதி வரை எடுத்தோம் என்பதை நினைவில் வைத்து, புதியவற்றை மட்டும் சேர்க்கும். எந்த விதிக்கும் அடங்காததை "அறியாதது" என்று தனியே ஒதுக்கும். இன்ன தேதியில் வங்கி இருப்பு இவ்வளவு என்று எழுதி வைத்தால், கூட்டல் அதனோடு ஒவ்வாதபோது மேலே செல்லாமல் நின்று பிழையைக் காட்டும். எங்கள் இல்லத்தில் மாதக் கணக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது. மிகவும் மகிழ்ந்தோம்.

அந்த மகிழ்ச்சியில்தான் தவறினோம்.

தஞ்சை மாவட்டத்து ஊரில் அம்மாவும் அண்ணனும் இருக்கிறார்கள். அம்மாவின் செலவுக்கென்று மாதம் 8,000 ரூபாய் அண்ணன் பெயருக்கு அனுப்பி வந்தோம். ஆகவே, அண்ணன் பெயர் கண்டால் "செலவு:அம்மா" என்று எழுதும்படி ஒரு விதி வகுத்தோம். 2022இல் பழைய வீட்டின் கூரையைப் பிரித்து வேய நேர்ந்தது. செலவைப் பாதிப் பாதியாக ஏற்பது என்று அண்ணனும் நாங்களும் பேசிக்கொண்டோம். ஒருமுறை 35,000, மறுமுறை 25,000 என அனுப்பினோம். விதியோ அவற்றையும் அம்மாவின் செலவில் சேர்த்துவிட்டது. ஆண்டு முடிவில் நிரல் காட்டிய தொகை 1,56,000 ரூபாய். அம்மாவுக்கு இவ்வளவு செய்திருக்கிறோம் என்று மனத்துக்குள் சற்றே பெருமை கொண்டோம் என்பதை மறைப்பதற்கில்லை.

அடுத்த பொங்கலுக்கு ஊர் சென்றபோது, கூரைச் செலவு எவ்வளவு ஆயிற்று என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டோம். அண்ணன் தம் நோட்டை எடுத்து வந்தார். ஓடு, மரம், கொத்தனார் கூலி, தச்சர் கூலி எல்லாம் தேதி வாரியாக இருந்தன. மொத்தம் 1,86,000 ரூபாய். எங்கள் பாதி 93,000. அனுப்பியது 60,000. மீதி 33,000 ரூபாயை அண்ணனே கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். "ஏன் அண்ணா, சொல்லவில்லையே?" என்றோம். "தில்லியில் உங்களுக்கு என்ன கஷ்டமோ என்று இருந்துவிட்டேன், தம்பி" என்றார்.

கொடுத்தவர்கள் என்று எண்ணிக்கொண்டு வந்தோம். கடன்பட்டவர்களாகத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். நிரலின் கூட்டலில் ஒரு காசுகூடப் பிழை இல்லை. வங்கி இருப்பும் ஒத்துப்போயிற்று. ஆயினும் கணக்கு பொய்யாகவே இருந்தது. ஏனெனில், அண்ணன் தம் கையிலிருந்து கொடுத்தது எங்கள் வங்கிப் பட்டியலில் ஒருநாளும் வராது. வராததை எந்த விதியும் எழுதாது. அன்றிரவே அம்மாவின் செலவிலிருந்து கூரைப் பணத்தைப் பிரித்தெடுத்து, இப்படித் திருத்தி எழுதினோம்:

    செலவு:கூரை       ₹93,000
    சொத்து:வங்கி    -₹60,000
    கடன்:அண்ணன்    -₹33,000

இம்மூன்றையும் கூட்டினால் பூஜ்யம். முன்பு எழுதியதும் பூஜ்யம்தான். ஆனால் அதில் அண்ணன் இல்லை. நான்கு மாதத் தவணையில் அக்கடனைத் தீர்த்தோம். அவர் வேண்டாம் என்றார். அம்மாதான் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

இதிலிருந்து நாங்கள் கற்றவற்றைச் சொல்லி முடிக்கிறோம். முதலாவது, மின்சாரம், வாடகை, பேருந்துக் கட்டணம் போன்று காரணம் மாறாத செலவுகளுக்கு மட்டும் விதி எழுதுங்கள். மனிதர் பெயருக்கு விதி எழுதாதீர்கள். உறவினருக்குச் சென்ற பணம் "அறியாதது" என்ற தலைப்பில் வந்து நிற்கட்டும். அதை மாதம் ஒருமுறை நம் கையால் பிரித்து எழுதுவோம். இது கொடையா, கைமாற்றா, பங்கா என்பதை நாம் மட்டுமே அறிவோம். இரண்டாவது, பணம் அனுப்பும்போதே குறிப்பு எழுதும் இடத்தில் இரண்டு சொல் எழுதுங்கள். பழைய மணியார்டர் படிவத்தின் நாலு வரி அதுவே. மூன்றாவது, கோப்பின் படி ஒன்றை வேறோர் இடத்தில் வையுங்கள். நான்காவது, ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது கணக்கை அச்சிட்டு எடுத்துச் சென்று, ஊரில் உள்ளவர்களின் நோட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வங்கியோடு ஒப்பு நோக்க இயந்திரம் போதும். உடன்பிறந்தாரோடு ஒப்பு நோக்க நாமே போக வேண்டும்.

உறவுக்குள் கணக்கு எதற்கு என்பார் உண்டு. தொலைவில் வாழும் நமக்குக் கணக்கு வேண்டும். நாம் கொடுத்தது நமக்குத் தானே நினைவிருக்கும். பிறர் நமக்காகக் கொடுத்ததை எழுதி வைத்தால்தான் நினைவிருக்கும்.